வீட்டுக்குள்ளேயே பீர் காய்ச்சும் அமெரிக்கர்கள்: ஒரு பிளக் பாயின்ட் போதுமா?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச ஃபெடரல் சட்டம் வழிவிட்டதே 1978-ல், அதிபர் ஜிம்மி கார்ட்டர் காலத்தில்தான். இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரி கிடையாது. விற்கத்தான் கூடாது. (நம்ம ஊரில் முயற்சி வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)

அங்கே பலரும் பயன்படுத்துவது புரொபேன் பர்னர். கொல்லைப்புறம் இருந்தால் சரி. அபார்ட்மென்ட்வாசிக்கு? குளிருக்குப் பயந்து பர்னரை கராஜுக்குள் கொண்டுபோனால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஆளையே கொல்லும். கதவைப் பாதி திறந்து வைத்தால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் சும்மா.

அதனால்தான் பலர் மின்சாரத்துக்கு மாறுகிறார்கள். சிக்கல் வாட் கணக்கில் இருக்கிறது. அமெரிக்க வீடுகளின் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். உச்சமே 1,800 வாட்தான் என்பதால் அதில் ஓடும் கருவிகள் பெரும்பாலும் 1,500, 1,600 வாட்டோடு நின்றுவிடும். மால்ட்டை ஊறவைத்து வடித்த 25 லிட்டர் சாற்றை 67 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 1,500 வாட்டில் கணக்குப்படியே கிட்டத்தட்ட 40 நிமிடம். பாத்திரத்தின் பக்கவாட்டில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் பொறுமை போய்விடும். பிரிட்டன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 230 வோல்ட், 13 ஆம்பியர் பிளக்கில் 3,000 வாட் கிடைக்கும்; டீ போடும் பெரிய எலெக்ட்ரிக் அர்னையே பீர் கொப்பரை ஆக்கிவிடுகிறார்கள்!

120 வோல்ட்காரர்களுக்கு மலிவான வழி, அளவைக் குறைப்பதுதான். 12 லிட்டர் போதும் என்றால் நேரமும் பாதியாகிவிடும். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, அதற்குப் பொருந்தும் எவர்சில்வர் பாத்திரம், மால்ட்டைக் கட்டி ஊறவைக்க ஒரு துணிப்பை. அவ்வளவுதான் செட்டப். பாத்திரத்தைச் சுற்றி வெப்பம் தாங்கும் உறை போட்டால் இன்னும் வேகமாகச் சூடேறும். முழு 25 லிட்டர் காய்ச்சினாலும் மின்சாரம் சுமார் 5 யூனிட்தான்.

இதில் கஞ்சத்தனம் கூடாத இடம் ஒன்று உண்டு. தண்ணீரும் கரன்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளக் கட்டாயம் வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது; மணிக்கணக்கில் முழு லோடு ஓடினால் ஒயர் உருகும்.

யாரும் யோசிக்காத விஷயம், நீராவி. ஒரு மணி நேரக் கொதிப்பில் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகி சுவரிலும் கப்போர்டிலும் படியும், பூஞ்சை பிடிக்கும். மூடி போட்டு அடக்கவும் முடியாது. மால்ட்டிலிருந்து கிளம்பும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேற வேண்டும். மூடியில் குளிர்ந்து மறுபடி உள்ளே சொட்டினால் பீரில் வேகவைத்த சோள வாசனை வரும். அதனால் அடுப்புக்கு மேல் வெளியே காற்றைத் தள்ளும் சிம்னி இல்லாத வீட்டில், ஜன்னலோரம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டியிருக்கும்.