கசப்புக்கு மார்க் போடுங்க பாஸ்!

பாகற்காய்ப் பொரியலைத் தட்டோட ஓரமா ஒதுக்கி வைக்கிற ஆளா நீங்க? அப்படின்னா இந்த மேட்டர் உங்களுக்குக் கொஞ்சம் ஷாக்! கசப்பா இருக்குங்கிறதையே பேரா வெச்சு ஒரு பானத்தைத் தலைமேல் தூக்கிக் கொண்டாடுறாங்க இங்கிலாந்து மக்கள். பேரு 'பிட்டர்'. அந்தக் குடும்பத்துல மூத்த அண்ணன் 'ஸ்ட்ராங் பிட்டர்'. இதை ருசிபார்த்து மார்க் போடுறதுக்குன்னே பரீட்சை எழுதி பாஸ் பண்ணின நடுவர்கள் இருக்காங்க. ஆமா, பீருக்கும் பேப்பர் வேல்யூவேஷன் உண்டு!

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். எனக்கு வயசு 20. தமிழ்நாட்டுச் சட்டப்படி 21 ஆகணும். அதனால இது 'குடிச்சுப் பாருங்க' கட்டுரை இல்லை. நாக்கையும் மூக்கையும் கருவியா வெச்சு எப்படி அளக்குறாங்கன்னு சொல்ற கட்டுரை. 'இன்ஸ்ட்ருமென்டேஷன்' பாடத்துல ஒரு எக்ஸ்ட்ரா யூனிட்னு வெச்சுக்கங்களேன்.

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க!

'ஸ்ட்ராங்'னு பேர் இருந்தாலும் ஆல்கஹால் 4.6 முதல் 6.2 சதவிகிதம்தான். 'பிட்டர்'னு பேர் இருந்தாலும் வாயைச் சுளிக்க வைக்கிற கசப்பு கிடையாது. கசப்பை அளக்க ஒரு சர்வதேச அலகு இருக்கு. ஹாப்ஸ்ங்கிற பூவைக் கொதிக்க வைக்கும்போது அதில் இருக்கிற ஆல்ஃபா அமிலம் உருமாறுது இல்லையா... அது ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தா, தோராயமா ஒரு அலகு. ஸ்ட்ராங் பிட்டருக்கு 30 முதல் 50 வரை. அமெரிக்காவோட 'ஐ.பி.ஏ.' ரகம் 70 வரைக்கும்கூடப் போகும்.

இந்த வகையில் சூப்பர் ஸ்டார், லண்டன் சிஸ்விக் பகுதியில் இருக்கிற ஃபுல்லர்ஸ் ஆலையின் 'இ.எஸ்.பி.'. விரிச்சுச் சொன்னா, எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர். 1971-ல் வந்தது. 'சாம்பியன் பீர் ஆஃப் பிரிட்டன்' பட்டத்தை 1978, 1981, 1985-னு மூணு தடவை தட்டிட்டு வந்த கில்லாடி!

50-க்கு எத்தனை?

1985-ல் அமெரிக்காவில் தொடங்கின 'பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம்'தான் நடுவர்களுக்குப் பரீட்சை வைக்குது. ருசிப் பரீட்சையில் 90 நிமிஷத்துல 6 பீருக்கு மார்க் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் காரணமும் எழுதணும். மொத்தம் 50 மார்க். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணர்ற கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. பார்க்க பளபளன்னு இருந்தா மட்டும் பாஸ் ஆக முடியாது மக்களே... அழகுக்கு வெறும் மூணு மார்க்தான்!

கிளாஸ்ல என்ன பிராண்டுன்னு நடுவருக்குத் தெரியாது. வெறும் நம்பர்தான். ஊத்துறதும் ஒரு சின்ன அளவுதான். முதல் வேலை மூக்குக்கு. லேசான வாசனைகள் சில நிமிஷத்துல பறந்துடும்ங்கிறதால, ஊத்தின கையோட மோந்து பார்க்கணும். ரொட்டி, பிஸ்கட், கொஞ்சம் டாஃபி வாசனை வந்தா அது மால்ட்டோட வேலை. மண்வாசனை, பூவாசனை வந்தா அது ஃபகிள், கோல்டிங்ஸ் மாதிரியான இங்கிலீஷ் ஹாப்ஸ். பழவாசனை ஈஸ்ட் தர்றது. அடுத்து நிறம். தேன் கலந்த பொன்னிறத்துல இருந்து செம்பு நிறம் வரைக்கும் ஓகே. நுரை கம்மியா இருக்கேன்னு மார்க்ல கை வைக்கக் கூடாது. இந்த ரகத்துல வாயு கம்மியா இருக்கிறதுதான் லட்சணம்.

அப்புறம்தான் ஒரு வாய். இனிப்பும் கசப்பும் கயிறு இழுக்கிற மாதிரி இழுக்கணும். கடைசியில் கசப்பு ஒரு அடி முன்னாடி நிக்கணும். ஆனா, மால்ட்டைக் கீழே தள்ளிடக் கூடாது. முழுங்கின பிறகு நாக்கு பிசுபிசுக்காம காய்ஞ்ச மாதிரி முடியணும். பர்ட்டன் ஊர்த் தண்ணியில் இயற்கையாவே ஜிப்சம் அதிகம். கசப்பு கூர்மையா தெரியறதுக்கு அதுதான் காரணம். மத்த ஊர்க்காரங்க தண்ணியில் ஜிப்சம் கலந்து அதே எஃபெக்ட் கொண்டு வர்றாங்க!

மூக்கு ஒரு டிடெக்டிவ்!

தப்பு எங்கே நடந்ததுன்னு வாசனையே காட்டிக் கொடுத்துடும். வெண்ணெய் வாசனை தூக்கலா இருந்தா, ஈஸ்ட் வேலையை முடிக்கிறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டுப் பிரிச்சிருக்காங்க. பச்சை ஆப்பிள் வாசனையா? பீர் இன்னும் பக்குவப்படலை. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனையா? ஆக்ஸிஜன் பட்டுப் பழசாகிடுச்சு. குமட்டுற நாத்தமா? பாட்டில் வெளிச்சத்துல கிடந்திருக்கு. பழுப்பு நிற பாட்டில் வெறும் ஸ்டைலுக்கு இல்லைங்க!

இதுல பெரிய சவால் எது தெரியுமா? தன் விருப்பத்தை ஓரங்கட்டுறதுதான். 'இது எனக்குப் பிடிச்சிருக்கா?'ங்கிறது கேள்வி இல்லை. 'ஸ்ட்ராங் பிட்டரா இது எப்படி இருக்கு?'ங்கிறதுதான் கேள்வி. பிரமாதமான ஐ.பி.ஏ.வை ஸ்ட்ராங் பிட்டர் வரிசையில் வெச்சா மார்க் குறையத்தான் செய்யும். அதேபோல, தனக்குக் கசப்பே ஆகாதுங்கிற நடுவர்கூட நல்ல பிட்டருக்கு நல்ல மார்க் போட்டே ஆகணும். 'மொக்கை'ன்னு ஒரு வார்த்தையில் முடிக்கவும் முடியாது. ஏன் குறைச்சேன், எதைச் சரி பண்ணலாம்னு எழுதணும். வீட்டுல மாசக்கணக்கா உழைச்சு பீர் காய்ச்சி அனுப்பினவருக்குக் கையில் கிடைக்கிறது அந்த ஒரு தாள்தானே!

மேஜையில் ஜெயிச்சா போதுமா?

இங்கேதான் சிக்கல். பாரம்பரிய பிட்டர், பீப்பாய்க்குள்ளேயே உயிரோட இருக்கிற ஈஸ்ட்டால கடைசிக்கட்ட நொதித்தல் நடக்கிற பானம். 11 முதல் 13 டிகிரியில் கொடுக்கணும். ஜில்லுன்னு கொடுத்தா பாதி மணம் அமுங்கிடும். பீப்பாயைத் திறந்தா காத்து உள்ளே போகும், மூணு நாளுக்குள்ள தீர்க்கணும். அதனால, ஆலை 45 மார்க் பீர் அனுப்பினாலும், பப்போட நிலவறையைப் பார்த்துக்கிறவர் சொதப்பினா 20 மார்க்தான்!

இந்தத் தொல்லையே வேண்டாம்னுதான் 1960-களில் பெரிய ஆலைகள் ஈஸ்ட்டை வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி, கார்பன் டை ஆக்சைடு ஏத்தின பீருக்கு மாறினாங்க. ருசி போச்சேன்னு 1971-ல் நாலு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச அமைப்புதான் 'கேம்ரா'. சாம்பியன் பட்டம் கொடுக்கிறதும் இவங்கதான். ஆனாலும் போராட்டம் முடியலை. 1845-ல் உருவான ஃபுல்லர்ஸ் நிறுவனமே 2019-ல் தன் பீர் தொழிலை ஜப்பானின் அசாஹிக்கு வித்துடுச்சு. பட்டம் பாரம்பரியத்தைப் பாராட்டும், சரி... பாதுகாக்குமா? பப்ல உட்கார்ந்து எதைக் கேட்டு வாங்குறாங்களோ, அவங்க கையில்தான் அந்தப் பதில் இருக்கு.

உங்க நாக்குக்கு ஒரு டெஸ்ட்!

பரீட்சையில் உங்களைப் படுத்தின 'ஸ்டூடன்ட் டி டெஸ்ட்' ஞாபகம் இருக்கா? 1908-ல் அதை வெளியிட்ட 'ஸ்டூடன்ட்' நிஜத்துல வில்லியம் கோசெட். டப்ளின் கின்னஸ் ஆலை ஊழியர்! 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலை கொண்டு வந்ததுதான் 'முக்கோணச் சோதனை'. அதை ஹாஸ்டல் காபியிலேயே நீங்க செய்யலாம்.

மூணு டம்ளர். ரெண்டுல ஒரே காபி, ஒண்ணுல வேற பிராண்ட். எது வித்தியாசம்னு கண்டுபிடிக்கணும். 12 பேர் குருட்டாம்போக்குல சொன்னாலே சராசரியா 4 பேர் சரியா சொல்லிடுவாங்க. குறைஞ்சது 8 பேர் சரியா சொன்னாத்தான் 'நிஜமாவே வித்தியாசம் தெரியுது'ன்னு புள்ளியியல் ஒத்துக்கும்.

'என் பிராண்ட்தான் டாப்பு'ன்னு சவால் விடுற நண்பர் உங்க விங்ல நிச்சயம் இருப்பாரு. இந்த ஞாயித்துக்கிழமை அவரையே முதல்ல உட்கார வைங்க. மார்க் போட்டா மட்டும் விட்டுடாதீங்க... காரணத்தையும் எழுதி வாங்குங்க!