முதல் செம் பிசிக்ஸ் கஷ்டமா, ரெண்டாவது செம்மா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போத்தனூர்ல இருந்து பேசுறேன். நடுவுல ஹார்ன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, வீட்டுக்குப் பின்னாடியே தண்டவாளம்.

இன்ஜினியரிங் முதல் வருஷப் பசங்க திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விதான் இன்னைக்கு. எந்த செம் பிசிக்ஸ் கஷ்டம்? எனக்கு இது சும்மா கேட்ட கேள்வி இல்லை. முதல் செம் பிசிக்ஸ்ல எனக்கு அரியர். ரெண்டாவது செம் முடிவில் ரெண்டு பேப்பரையும் சேர்த்து எழுதணும். கையில் மூணு வாரம்தான். எதுக்கு எத்தனை நாள்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை வச்சுச் சொல்றேன். முதல் செம் 'இன்ஜினியரிங் பிசிக்ஸ்' நம்ம போத்தனூர் ஜங்ஷன் மாதிரி. இங்கிருந்து பாலக்காட்டுக்கு ஒரு லைன், பொள்ளாச்சிக்கு ஒண்ணு, கோவைக்கு ஒண்ணு, இருகூருக்கு ஒண்ணு. அந்தப் பாடத்திலும் அப்படித்தான்: மெக்கானிக்ஸ், மின்காந்த அலை, ஒளியியலும் லேசரும், கடைசி ரெண்டு யூனிட் குவாண்டம். ஒரு யூனிட் பழகுறதுக்குள்ள வண்டி மாறணும்.

இன்னொரு சிக்கலை நான் ரொம்ப லேட்டாத்தான் கவனிச்சேன். பிசிக்ஸ் முதல் யூனிட்லயே நிலைமத் திருப்புத்திறன் வருது. அதைக் கண்டுபிடிக்க இன்டக்ரேஷன் வேணும். அதே செம் கணக்குப் பாடத்தில் இன்டக்ரேஷன் நாலாவது யூனிட். பிளஸ் டூவில் படிச்சதை மறந்திருந்தால், முதல் மாசமே சறுக்கல்தான். நான் சறுக்கியது அங்கேதான். பிசிக்ஸ் புரியலைன்னு நினைச்சேன். உண்மையில் கணக்குதான் கைவிட்டது.

ரெண்டாவது செம்மில் பாடம் பிராஞ்சுக்குப் பிராஞ்சு மாறும். மெக்கானிக்கலுக்கு மெட்டீரியல்ஸ் சயின்ஸ். நான் ஐடி, அதனால் 'பிசிக்ஸ் ஃபார் இன்ஃபர்மேஷன் சயின்ஸ்'. இது ஜங்ஷன் இல்லை, ஒரே லைன். உலோகத்தில் எலக்ட்ரான், குறைக்கடத்தி, காந்தம், ஒளி, கடைசியில் நானோ டிவைஸ். கணக்கு குறைவு. ஆனா எதையும் கண்ணால பார்க்க முடியாது. சுத்துற சக்கரத்தைப் பார்த்திருக்கோம். ஆனா ரயில் லைனுக்கு மேல போற 25,000 வோல்ட் கம்பியில் எலக்ட்ரான் என்ன பண்ணுது? அது ஈரோட்டுக்கு ஓடுறதில்லை. ஏசி கரன்ட்ல இருந்த இடத்திலேயே துளியூண்டு முன்னும் பின்னும் ஆடுது. வேகமாப் போறது மின்காந்த ஆற்றல்தான். இதை நம்பவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

நான் போட்ட பிளான்: புதுப் பேப்பருக்கு ரெண்டு வாரம், அரியருக்கு ஒண்ணு. எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்ச எங்க பெரியம்மா பொண்ணுகிட்ட காட்டினேன். ரெண்டு சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, "ஏண்டா, இது ரெண்டும் வேற வேறன்னு உனக்கு யாரு சொன்னது?"ன்னு அக்கா கேட்டாங்க.

பெட்டிக்குள்ள அடைபட்ட துகள்னு முதல் செம் நாலாவது யூனிட்ல ஒரு கணக்கு இருக்கு. பெட்டியின் நீளத்தைப் பாதியாக்கினால் துகளின் ஆற்றல் நாலு மடங்காகும். அதே பெட்டியை முப்பரிமாணத்தில் எடுத்தால், ரெண்டாவது செம் முதல் யூனிட்ல எலக்ட்ரான் நிலைகளை எண்ணுற கணக்கு வந்துடும். இன்னும் சுருக்கினால் கடைசி யூனிட்டின் குவாண்டம் டாட். டாட் சின்னதாக ஆக, அது விடுற ஒளி சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகரும். 2023 வேதியியல் நோபல் பரிசு இந்தக் குவாண்டம் டாட்டுக்குத்தான்.

பிளானை மாத்தினேன். முதல் வாரம் முழுக்க அரியரின் குவாண்டம் யூனிட் ரெண்டும். அடுத்த வாரம் புதுப் பேப்பரைத் திறந்தப்போ பாதி பழக்கப்பட்ட முகம். மூணாவது வாரம் மெக்கானிக்ஸ் கணக்கு. ரெண்டுமே கிளியர். மார்க் பெருமைப்படுற மாதிரி இல்லீங்க, ஆனா கிளியர்.

அதனால என் பதில் இது. கணக்கு தடுமாறினால் முதல் செம் கஷ்டம். கண்ணுக்குத் தெரியாததை யோசிக்கச் சிரமப்பட்டால் ரெண்டாவது கஷ்டம். ஆனா முதல் செம் குவாண்டத்தை விட்டுட்டுப் போனால், ரெண்டாவது கண்டிப்பா கஷ்டம். அரியர் இருக்கிறவங்க அதைக் கடைசிக்குத் தள்ளாதீங்க; அங்கிருந்தே ஆரம்பிங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாமுங்க.