யந்திரம் வருவதற்கு முன்னே

ஓர் அலுவலகமோ மருத்துவமனையோ புதிதாகக் கட்டப்படும்போது, முன்கூடத்துக்குப் பளிங்கையும் தலைவர் அறைக்குத் தேக்கையும் யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள், அத்தனை மேஜைகளுக்கும் இணையத்தைக் கொண்டு சேர்க்கும் ஸ்விட்சுகளையும் ரவுட்டர்களையும் தாங்கப்போகிற ரேக்குக்கு இடம் கேட்டால் மாத்திரம், மாடிப்படியின் அடியில் மிஞ்சிய மூலையையோ, குளியலறைச் சுவரை ஒட்டிய இடுக்கையோ காட்டிவிடுகிறார்கள். பிற்பாடு அந்த உபகரணங்களுக்கு நேருகிற வியாதிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு தீர்மானத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

ரேக் எனப்படும் இந்த இரும்புச் சட்டத்தில் பொருந்தும் உபகரணங்களின் முகப்பு 19 அங்குல அகலம். உயரத்தை எண்ணும் அலகு 'யூ', அதாவது 44.45 மில்லிமீட்டர். 42 யூ கொண்ட முழு ரேக் ஆறடிக்கு மேல் நிற்பதோடு, நிரம்பிய பின் பல நூறு கிலோ எடையைச் சிறு பரப்பிலே இறக்குமாதலால், தளத்தின் பலத்தைப் பொறியாளரிடம் விசாரிப்பதும், அது உள்ளே நுழைய வாசல் இடங்கொடுக்குமா என்று அளப்பதும், சட்டத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவதும் முதற் காரியங்கள். கனமானவற்றை அடியில் வைத்துக் கீழிருந்து மேலாக நிரப்பவேண்டும். தலை கனத்த ரேக், ஒரு பெட்டியை முன்னே இழுத்த மாத்திரத்தில் ஆளின் மேல் சாயக்கூடியது. முன்னும் பின்னும் ஒருவர் குனிந்து வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், தரைமட்டத்துக்குக் கீழான அறையை இதற்கு ஒதுக்கமாட்டார்கள்.

உபகரணம் உண்ணும் மின்சாரம் அநேகமாக முழுவதுமே உஷ்ணமாகி அறைக்குள் திரும்புகிறது. ஒரு டன் ஏ.சி. சுமார் 3.5 கிலோவாட் உஷ்ணத்தையே அகற்ற வல்லது என்ற கணக்கை வைத்துக்கொண்டு, உபகரணங்களுக்குள் புகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்படி ஏற்பாடு செய்யவேண்டும். பெரும்பாலான உபகரணங்கள் முன்புறம் காற்றை இழுத்துப் பின்புறம் விடுவன. காலியான இடங்களைத் தகடு போட்டு மூடாவிட்டால் பின்னே வந்த சூடு சுற்றிக்கொண்டு மறுபடியும் முன்னே வரும். ஏ.சி.யை ரேக்கின் தலைக்கு நேர்மேலே மாட்டுவது, அதன் தண்ணீரையும் அங்கேயே சொட்டவிடுவதாகும். இதைவிடப் பெரிய விபரீதம், மாலையில் ஊழியர்கள் போகும்போது மற்ற அறைகளோடு இந்த அறையின் ஏ.சி.யையும் சிரத்தையாக நிறுத்திவிட்டுப் போவதுதான். ஸ்விட்சுகளோ இரவெல்லாம், ஞாயிற்றுக்கிழமையிலும் ஓடிக்கொண்டிருப்பவை.

எல்லாவற்றிலும் அலட்சியத்துக்கு இலக்காவது எர்த். இவ்வகை உபகரணங்களின் உள்ளிருக்கும் வடிகட்டிகள் இயல்பாகவே கொஞ்சம் மின்சாரத்தை எர்த் கம்பியில் கசியவிடுகின்றன. ஒன்றின் கசிவு அற்பமானாலும், ஒரே ரேக்கில் பல சேர்ந்து, எர்த் கம்பியும் அறுந்திருக்குமானால், இரும்புச் சட்டத்தைத் தொடுகிறவனின் உடம்பே அதற்கு வழியாகிவிடும். ஆகையால் எர்த்தை முதலில் இணைத்துக் கடைசியில் கழற்றுவதே நியதி. சட்டத்தின் மேல் பூசிய பெயிண்ட் மின்சாரத்தைத் தடுக்குமாகையால், அதைச் சுரண்டிவிட்டுத் தாமிரக் கம்பியை இறுக்கவேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 3043 என்ற விதித்தொகுப்பு இவ்விஷயத்தை விஸ்தாரமாகச் சொல்கிறது. கோடையில் எர்த் குழி வறண்டால் அதன் பிரயோஜனம் குன்றுமாதலால், மண் காய்ந்திருக்கும் காலத்தில் மீட்டர் வைத்து அளப்பதே உண்மையான பரீட்சை.

இரண்டு பவர் சப்ளை உள்ள உபகரணத்துக்கு இரண்டு வெவ்வேறு சர்க்யூட்டுகள் தேவை. ஆனால் பழுது பார்க்கும்போது ஒரு வயரை மட்டும் பிடுங்கிவிட்டு, மின்சாரம் நின்றதென்று நம்பிக் கையை நுழைக்கலாகாது. மின்சாரம் நின்றால் கைகொடுப்பதற்காக வைக்கும் ஈய பாட்டரிகள் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவருமாதலால் அவ்விடத்துக்குக் காற்றோட்டம் அவசியம். தீயணைப்பானும் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயு வகையாகவே இருக்கட்டும். கொத்து வேலை, துளை போடுதல், வெள்ளையடித்தல் யாவும் முடிந்து, தூசி துடைக்கப்பட்டு, எர்த் அளவைத் தாளில் குறித்த எலக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட பிறகே யந்திரங்களின் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கலாம். அதையும் அறைக்கு வெளியே.