முதுகுவலியில் இரு வகை

தறியில் அமர்வோரும் வயலில் குனிவோரும் முதுகுவலியைத் தொழிலோடு பிறந்த துணையாகவே கருதி வருகின்றனர். சாத்தான்குளம் வட்டாரத்து வாழைத் தோட்டங்களுக்கும், தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வீரவநல்லூர் போன்ற நெசவூர்களுக்கும் சங்கப் பணியின் நிமித்தம் செல்லும்போதெல்லாம் ‘இடுப்புப் பிடிப்பு’ என்னும் சொல் நம் காதில் விழாமற் போவதில்லை. ஆயினும் எல்லா முதுகுவலியும் உழைப்பினால் வருவதன்று. இவ்வேற்றுமையை அறியாமையால் சில இளைஞர்கள் நிமிர்ந்து நிற்கும் ஆற்றலையே இழக்க நேரிடுகிறது.

கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 ஆக, அசையும் எலும்புகள் 24 நம் முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் இரண்டு எலும்புகளுக்கிடையே முன்புறம் மெத்தை போன்ற வட்டு ஒன்றும், பின்புறம் வலமும் இடமுமாக இரு சிறு மூட்டுகளும் உண்டு. மூட்டுகளில் எலும்பின் முகத்தை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது.

வயது ஏற ஏற, இக்குருத்தெலும்பு தேய்ந்து வலி தருவது முதல் வகை. நடுவயதைக் கடந்தோரிடம் இது மிகுதி. வேலை செய்தால் வலி கூடும், ஓய்வெடுத்தால் தணியும். அரைமணிக்கு ஒருமுறை குழித்தறியை விட்டு எழுந்து நடப்பதும், சுமையை உடலோடு அணைத்துத் தூக்குவதும் இவர்கட்கு நன்மை பயக்கும்.

இரண்டாவது வகை இதற்கு நேர்மாறானது. உடலின் தற்காப்பு ஆற்றலே வழிதவறி மூட்டுகளைத் தாக்குவதால் விளையும் அழற்சி இது. மருத்துவர்கள் இதனை ‘அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்பர். எச்.எல்.ஏ.–பி27 என்னும் பரம்பரைக் கூற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-இல் வெளியாயிற்று; அக்கூறு உடையோர் அனைவருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலும் 45 வயதிற்கு முன்பே, சிறிது சிறிதாகத் தொடங்கும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். காலையில் அரைமணிக்கு மேலும் முதுகு விறைத்திருக்கும். நடமாடினால் தளரும், படுத்தால் மிகும். சிலருக்குக் கண் சிவந்து வலிக்கும். கவனியாது விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று இறுகி முதுகு வளைந்துவிடக்கூடும்.

‘தறி வேலையால் வந்தது, படுத்திருந்தால் சரியாகும்’ என்று இத்தகைய இளைஞரிடம் கூறுவது தீங்கே செய்யும். அவருக்கு வேண்டியது நாள்தோறும் உடற்பயிற்சி, பீடியை விடுதல், காலத்தோடு மருத்துவம் ஆகிய மூன்றுமாம். தொடக்கத்தில் எக்ஸ்-ரே படத்தில் ஒன்றும் தெரியாமற் போகலாம்; எம்.ஆர்.ஐ. படம் முன்னரே காட்டக்கூடும். வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி நாட்கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் மேற்பார்வையில் அழற்சி தணிக்கும் மருந்தும், அது போதாதபோது புதிய ஊசி மருந்துகளும் உண்டு.

காய்ச்சல், உடல் மெலிவு, கால் தளர்ச்சி, மரத்துப்போதல், சிறுநீர்த் தடை ஆகியவற்றுள் ஒன்று முதுகுவலியோடு சேர்ந்தால் ஒருநாளும் தாமதித்தலாகாது. எலும்பைப் பற்றும் காசநோயும் அதற்குக் காரணமாயிருக்கலாம்.

மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் இளவயது முதுகுவலியை அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். 1965-இல் தோன்றிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும், 2000-இல் தோன்றிய தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியும் நமக்கு அண்மையிலேயே உள்ளன. ‘வேலை செய்தால் வலிக்கிறதா, ஓய்ந்தால் வலிக்கிறதா?’ என்னும் ஒரு கேள்வியைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு இளைஞரிடம் இன்றே கேட்பாராக.