விழுந்தது மாணவன் மட்டும்தானா?

விமானம் ஓட்டக் கற்பவன் கதை நமக்கெதற்கு என்று தோழர்கள் எண்ணக்கூடும். லேத்தின் முன்னே முதன்முதலாக நின்ற நாளை நினைத்துப் பாருங்கள். அது நம் கதையும்தான் என்பது விளங்கும்.

பறக்கப் பழகுவோர் விபத்தில் சிக்குவது பெரும்பாலும் நடுவானில் அல்ல. தரையிறங்கும் அந்தச் சில நொடிகளில்தான். இவற்றில் உயிர்ச்சேதம் குறைவு. சக்கரம் ஒடியும், சுழல்விசிறி வளையும், மாணவனின் மனமும் உடையும்.

உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172 என்ற சிறு விமானம் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையை நெருங்குகிறது. தரைக்குச் சில அடி மேலே மூக்கை மெல்ல உயர்த்த வேண்டும். அளவுக்கு மேல் உயர்த்தினால் வேகம் வற்றித் தொப்பென்று விழும். உயர்த்தத் தவறினாலோ மூக்குச் சக்கரம் முதலில் மோதும். விமானம் பந்துபோல் எம்பும். பதறிப்போன மாணவன் மூக்கை அழுத்துவான். மீண்டும் மோதும், முன்னிலும் முரட்டுத்தனமாக எம்பும். இரண்டு மூன்று துள்ளலில் முன்கால் ஒடிந்துவிடும். முதன்முறை தனித்துப் பறக்கையில் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. அவர் எடையும் இல்லை. பழகிய இடத்தில் தரை தொடாமல் விமானம் மிதந்து போகும்.

தப்பும் வழி ஒன்றுண்டு: முழு விசை கொடுத்து மேலேறி, ஒரு சுற்று வந்து, மறுபடி இறங்குவது. இதில் இழிவு எதுவும் இல்லை, இதுவே அறிவுடைமை.

ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் காசு! வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் கட்டணம். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு சுற்று பொழுதுபோக்கு. நிலத்தை அடகு வைத்துப் படிக்க வந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கோ அது தகப்பனின் வியர்வை! மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவனிடம் நிதானத்தை எப்படி எதிர்பார்ப்பது?

விழுந்ததும் "மாணவனின் பிழை" என்று எழுதி ஏட்டை மூடிவிடலாமா? 2023 அக்டோபரில் மகாராட்டிரத்துப் பாராமதி அருகே, ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் நான்கு நாட்களுக்குள் விபத்துக்குள்ளாயின. அப்பள்ளியின் பயிற்சியையே நிறுத்தி வைத்தது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 2025இல் அதே இயக்குநரகம் பயிற்சிப் பள்ளிகளை முதன்முறையாகத் தரம் பிரித்தது. முதல் இரண்டு தரங்களில் ஒரு பள்ளிகூட இடம் பெறவில்லை! தேர்வில் தேறாதது யார்? மாணவனா, பள்ளியா?

விமானத் துறைக்கு உலக நாடுகள் வகுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு அது. விபத்து விசாரணையின் நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே. பழி சுமத்துவதன்று என்கிறது. வரவேற்கிறோம்! ஆனால் நாம் கேட்கிறோம்: வானத்தில் செல்லும் இந்த நீதி தொழிற்கூடத்தில் ஏன் செல்லுபடியாகவில்லை? அப்ரண்டிசின் விரல் அறுந்தால் "கவனக்குறைவு" என்ற ஒரே சொல்லில் கணக்கு முடிகிறதே! காப்பு மூடி இருந்ததா, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தாரா, எத்தனை மணி நேரம் தொடர்ந்து நின்றான் என்று கேட்பவர் எத்தனை பேர்?

பறக்கப் பழகும் ஏழைப் பிள்ளைக்கு அரசு உதவித்தொகை வேண்டும். கூடுதல் சுற்றுக்குத் தனிக் கட்டணம் கூடாது. பிழையை அஞ்சாமல் சொல்லும் உரிமை வேண்டும். பட்டறையில் பழகும் பிள்ளைக்கும் அதே உரிமை வேண்டும்.

கற்பவன் தவறுவான். தவறியவனைத் தாங்கிப் பிடிப்பதுதான் பள்ளி. தள்ளிவிடுவது பள்ளியன்று, வாணிபம்!