முன்னதாக வரும் இருள்: கெல்லிவில் பாதசாரிகளும் ஓட்டுநர்களின் பொறுப்பும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்று மணிக்குக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்படுகின்றன. சனிக்கிழமை மாலை ஏறக்குறைய 6.50க்கு மறைந்த சூரியன், மறுநாள் கடிகாரக் கணக்கின்படி 5.50 அளவிலேயே மறைந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை பகல் வெளிச்சத்தில் வீடு திரும்பியவர்கள், திங்கட்கிழமை அதே நேரத்தில், அதே வழியில், இருளில் நடக்கின்றனர். அவர்களைக் கடந்து செல்லும் ஓட்டுநர்களுக்கும் அந்த மாற்றத்துக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை.

சிட்னியின் வடமேற்கில் அமைந்துள்ள கெல்லிவில் போன்ற புறநகர்களில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. வின்ட்சர் சாலை, பழைய வின்ட்சர் சாலை ஆகிய இரு பெருஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்த இந்தப் பகுதி, நீண்ட காலமாகக் காரை நம்பியே வாழ்ந்த பகுதி. 2019ஆம் ஆண்டு மே மாதம் மெட்ரோ ரயில் சேவை தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அந்தப் பாதை சிட்னியின் மையப்பகுதி வழியாகச் சிடன்ஹம் வரை நீட்டிக்கப்பட்டது. விளைவாக, மாலை ஆறு மணியளவில் ரயிலிலிருந்து இறங்கி வீடு நோக்கி நடப்பவர்கள் என்ற ஒரு புதிய கூட்டம் உருவாகியுள்ளது. அதே வேளையில் நிலையத்துக்கு உறவினரை அழைத்துச் செல்ல வரும் கார்களும் அதே தெருக்களில் திரும்புகின்றன.

தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களுக்கு இந்த இருள் இயல்பாகப் பழகிய ஒன்றல்ல. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஆண்டு முழுவதும் சூரியன் மறையும் நேரம் சுமார் ஒரு மணி நேர வரம்புக்குள்தான் மாறுகிறது. சிட்னியில் டிசம்பர் இறுதியில் இரவு எட்டு மணிக்குப் பின்னரும் வெளிச்சம் இருக்கும். ஜூன் மாதத்திலோ ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். (மின்சார நெருக்கடியின்போது, 1996இல், இலங்கை அரசு கடிகாரத்தை முன்னோக்கித் திருப்பியதும், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்ததும் சில வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். கடிகாரம் அரசாணைக்குக் கட்டுப்படும், சூரியன் கட்டுப்படுவதில்லை.)

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

இருளின் தாக்கத்தை மட்டும் தனியே பிரித்து அளப்பது எளிதல்ல. இரவில் மது அருந்திய ஓட்டுநர்கள் அதிகம், களைத்தவர்களும் அதிகம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். கடிகாரம் மாற்றப்படும் நாட்களுக்கு முன்னும் பின்னும், ஒரே கடிகார நேரத்தில் நிகழ்ந்த உயிரிழப்பு விபத்துக்களை அவர்கள் ஒப்பிட்டனர். மக்களின் பழக்கவழக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்க, வெளிச்சம் மட்டும் மாறும் நாட்கள் அவை. பகலைவிட இருளில் பாதசாரிகளுக்கு ஆபத்து மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகம் என்பது 2002ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின் முடிவு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர் 2005இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் திடுக்கிட வைப்பது. இரவில், பொதுப் போக்குவரத்து இல்லாத ஒரு பாதையில், உண்மையான கார்களை ஓட்டச் செய்து, ஓரத்தில் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்த மனிதர்களை ஓட்டுநர்கள் அடையாளம் காண்கிறார்களா என்று பார்த்தனர். கறுப்பு உடை, முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி, எதிர்விளக்கின் கூச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது, நூற்றுக்கு ஐந்து முறைதான் பாதசாரி அடையாளம் காணப்பட்டார். மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் போன்ற மூட்டுகளில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டிகளை அணிந்திருந்தபோது, கூச்சம் இல்லாத நிலையில், ஓட்டுநர்கள் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. அசையும் கைகால்களை மனிதக் கண் உடனே மனிதன் என்று புரிந்துகொள்கிறது என்பதே இதன் காரணம்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்து அறிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாத மாலையில், குடியிருப்புத் தெரு ஒன்றுக்குள் இடதுபுறம் திரும்பியபோது, என் கண்ணில் முதலில் பட்டது தரைக்கு அருகே அசைந்த ஒரு வெள்ளை வேட்டி. பிரேக்கை அழுத்தி நின்ற பிறகுதான், அந்தப் பெரியவருக்கு ஓர் அடி முன்னால், கருநீலச் சேலையும் கம்பளிச் சட்டையும் அணிந்த அவர் மனைவி நிற்பது தெரிந்தது. அவர் என்னை வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டார். விளக்கு எரியும் காரைத் தாம் பார்ப்பதனால் ஓட்டுநரும் தம்மைப் பார்க்கிறார் என்று நடப்பவர் நினைப்பது இயற்கை. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

மகன் அல்லது மகள் குடும்பத்துடன் சில மாதங்கள் தங்க வரும் தாய் தந்தையர் மாலை நடை போவது இப்பகுதிகளில் அன்றாடக் காட்சி. கார் ஓட்டாதவர்கள் அவர்கள். உள்ளூர்ச் சாலை விதிகளை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

வேகத்தின் கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 21 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 14 மீட்டர், ஆக 35. அதே இடத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் 35ஆவது மீட்டரில் இன்னும் 40 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மழை பெய்திருந்தால் கணக்கு மேலும் மோசமாகும். காரின் முன்பகுதி மோதும்போது பாதசாரி உயிரிழக்கும் ஆபத்து, 50இலிருந்து 65 கிலோமீட்டராக வேகம் கூடும்போது நான்கரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சட்டம் எங்கே காக்கிறது?

நியூ சவுத் வேல்ஸ் சாலை விதிகளின்படி, பாதசாரிக் கடவையை நெருங்கும் ஓட்டுநர், தேவைப்பட்டால் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் வர வேண்டும். சந்திப்பில் இடப்புறமோ வலப்புறமோ திரும்புபவர், தாம் நுழையும் சாலையைக் கடப்பவருக்கு வழிவிட வேண்டும். அங்கே வெள்ளைக் கோடுகள் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். வீட்டு வாசலிலிருந்து காரை வெளியே எடுப்பவர் நடைபாதையில் செல்பவருக்கு வழிவிட வேண்டும்.

ஆனால் ரவுண்டானா எனப்படும் சுற்றுவட்டங்களில் நிலைமை வேறு. அங்கே கடவை குறிக்கப்பட்டிருந்தாலன்றி, பாதசாரிக்கு வழிவிடும் கட்டாயம் ஓட்டுநருக்கு இல்லை. கெல்லிவில் குடியிருப்புத் தெருக்களில் சுற்றுவட்டங்களுக்குக் குறைவில்லை. தெருமுனையில் தமக்கு முன்னுரிமை உண்டு என்று சரியாகவே கற்றுக்கொண்ட ஒருவர், அடுத்த சுற்றுவட்டத்தில் அதே நம்பிக்கையுடன் காலை வைத்தால், சட்டம் அவர் பக்கம் இல்லை. பள்ளிக்கூடப் பகுதிகளுக்கான 40 கிலோமீட்டர் வரம்பும் பிற்பகல் நான்கு மணியுடன் முடிந்துவிடுகிறது. தனிவகுப்பிலிருந்தும் விளையாட்டுப் பயிற்சியிலிருந்தும் பிள்ளைகள் திரும்புவது அதற்குப் பிறகுதான்.

பளிச்சென்ற உடை அணியுங்கள் என்று நடப்பவருக்குச் சொல்லப்படும் அறிவுரை தவறல்ல. கணுக்காலில் ஒரு பட்டி கட்டிக்கொள்வதும், நடைபாதை இல்லாத தெருவில் எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு வலப்புற ஓரமாக நடப்பதும் உயிரைக் காக்கலாம். எனினும் பொறுப்பின் பெரும்பங்கு, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இயந்திரத்தைச் செலுத்துபவரிடமே இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தம் விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் ஓட்டுபவர், பார்க்காத இடத்தை நோக்கி ஓட்டுகிறார்.

விபத்து நேர்ந்துவிட்டால், 2023 ஏப்ரல் முதல், காயமடைந்த பாதசாரி தவறு யாருடையது என்ற கேள்வியின்றி 52 வாரங்கள் வரை கட்டாய வாகனக் காப்பீட்டின் கீழ் சிகிச்சைச் செலவு உள்ளிட்ட உதவிகளைப் பெறலாம். உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டு நிறுத்தாமல் செல்லும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

சுற்றுவட்டத்தில் கடவை அமைக்கப்பட்டால் முன்னுரிமை பாதசாரிக்கு மாறிவிடும். உள்ளூர்ச் சாலைகள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. வேக வரம்பை நிர்ணயிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறை. ஆகவே கோரிக்கையும் இரண்டாகப் பிரிகிறது. கெல்லிவில் த ஹில்ஸ் மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. பெயரில் நெருங்கிய கெல்லிவில் ரிட்ஜ் பிளாக்டவுன் மன்றத்தைச் சேர்ந்தது. அங்கு வசிப்பவர்கள் விண்ணப்பத்தை அங்கேதான் அனுப்ப வேண்டும்.