உங்களுக்குத் தெரியுமா? மக்தலா கொள்ளையும் இராயக்கோட்டை வழியும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அல்சூர் ஏரியருகே மெட்ராஸ் சாப்பர்ஸ் இராணுவப் படையின் முகாமைப் பார்த்திருக்கலாம். இந்தப் படையின் வீரர்கள் 1868இல் எத்தியோப்பியா மீது பிரிட்டன் நடத்திய படையெடுப்புக்கும் போனார்கள். படையெடுப்பு கிளம்பியது பம்பாயிலிருந்து. பீரங்கி சுமக்க 44 யானைகளும் அங்கிருந்தே கப்பலேறின.

ஏப்ரல் 13 அன்று எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டை விழுந்தது. எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். தேவாலயக் கிரீடம், கிண்ணங்கள், கையெழுத்துச் சுவடிகள் என அள்ளிய பொருளை 15 யானைகளும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகளும் சுமந்தன. வழியிலேயே ஏலம், பணம் வீரர்களுக்குப் பங்கு. ஏலத்தில் பெருமளவு வாங்கியவர் யார் தெரியுமா? படையோடு கூடவே போன பிரிட்டிஷ் அருங்காட்சியக அலுவலர் ரிச்சர்ட் ஹோம்ஸ்!

இப்படிக் கொள்ளையடித்துப் பங்கிடும் வழக்கம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பிரிட்டிஷ் படை இராயக்கோட்டை வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனது. அங்கே, கோட்டை விழுந்தபின், திப்பு சுல்தானின் சிம்மாசனத்தை வெட்டித் துண்டாக்கிப் பங்கிட்டார்கள். அதன் தங்கப் புலித்தலைகளில் ஒன்று இங்கிலாந்தில் இருப்பது 2009 வரை வெளியே தெரியாது.

மக்தலாவின் தங்கக் கிரீடமும் திப்புவிடமிருந்து எடுத்த மரப்புலிப் பொம்மையும் இன்று இருப்பது ஒரே இடத்தில்: லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். கிரீடத்தை எத்தியோப்பியா திருப்பிக் கேட்கிறது; நீண்டகாலக் கடனாகத் தரலாம் என்று 2018இல் அருங்காட்சியகம் சொன்னது. எடுத்தவர், உரியவருக்கே கடன் தருகிறாராம்!